டெல்டா வெயிலுக்கும் ஐப்பசி மழைக்கும் தாங்கும் பைத்தான் பெட்டி

மே மாதம், பிற்பகல் மூன்று மணி. மன்னார்குடியில் எங்கள் வீட்டு மாடி அறை. நான் முதன்முதலாக வாங்கிய பால் பைத்தான் (ball python, பந்து போலச் சுருளும் சின்ன மலைப்பாம்பு இனம்) ஒரு மீன் தொட்டிக்குள் இருந்தது. கதவைத் திறந்தபோது பாம்பு தண்ணீர்க் கிண்ணத்துக்குள் இறுகச் சுருண்டு, மூக்கு நுனியை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு கிடந்தது. கிண்ணத்துத் தண்ணீரில் விரலை வைத்தேன், வெதுவெதுப்பாக இருந்தது. தொட்டிக்குள் இருந்த வெப்பமானி 37 டிகிரி காட்டியது. அன்று நான் ஹீட்டர் எதுவும் போட்டிருக்கவில்லை. மேலே காய்ந்த தளமும் கண்ணாடித் தொட்டியுமே அந்தச் சூட்டைக் கொடுத்திருந்தன. தொட்டியை அப்படியே தூக்கிக் கீழே கூடத்துக்குக் கொண்டுபோய், சிவப்பு சிமெண்ட் தரையில் வைத்து, மூடியைக் கழற்றிவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். பாம்பு கிண்ணத்தைவிட்டு வெளியே வர இரண்டு மணி நேரம் ஆனது.

பைத்தான் கூண்டைப் பற்றி இணையத்தில் பார்க்கிற காணொளிகளில் பெரும்பாலானவை குளிர்நாட்டுக்காரர்கள் எடுத்தவை. சூட்டை எப்படிப் பிடித்து வைப்பது, ஈரத்தை எப்படித் தக்கவைப்பது என்பதுதான் அவர்கள் கவலை. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பக்கம் இருக்கிற நமக்குக் கவலை நேர்மாறானது. சித்திரையில் சூடு வெளியேற வேண்டும், ஐப்பசியில் ஈரம் வெளியேற வேண்டும். இந்த இரண்டையும் மனதில் வைத்துத்தான் பெட்டியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். முதல் பைத்தானை வாங்கப் போகிறவர்கள் எந்த வரிசையில் வேலையைத் தொடங்கலாம் என்று கீழே எழுதியிருக்கிறேன்.

முதல் படி: எந்தப் பாம்பு என்று முடிவு செய்யுங்கள்

பெட்டியைப் பற்றிப் பேசும் முன் சட்டத்தைப் பேசிவிட வேண்டும். நம் ஊர் மலைப்பாம்பை வீட்டில் வளர்க்கக் கூடாது. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் அது இருக்கிறது. பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றம், மூன்று முதல் ஏழு ஆண்டுகள் வரை சிறை. "குட்டியாக இருந்தது, வயலில் கிடைத்தது, பாவமாக இருந்தது" என்பதெல்லாம் காரணம் ஆகாது. வயலிலோ வாய்க்கால் கரையிலோ மலைப்பாம்பைப் பார்த்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். ஊருக்குள் வந்துவிட்டால் தீயணைப்புத் துறைக்கு 101 என்ற எண்ணில் அழைக்கலாம்.

வெளிநாட்டு இனங்களுக்கு வேறு வழி. பால் பைத்தான் மேற்கு ஆப்பிரிக்காவிலும் மத்திய ஆப்பிரிக்காவிலும் வாழ்வது. கார்பெட் பைத்தான் ஆஸ்திரேலியா, நியூ கினி பக்கத்தது. இரண்டும் உயிரின வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் என்ற பன்னாட்டு ஒப்பந்தத்தின் பட்டியலில் உள்ளவை. 2022இல் திருத்தப்பட்ட வன உயிரினச் சட்டமும் 2024 பிப்ரவரியில் வந்த விதிகளும், இப்படிப்பட்ட உயிரினத்தை வைத்திருப்பவர் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும் என்கின்றன. கைமாறினாலும் குட்டி பொரித்தாலும் இறந்தாலும் தெரிவிக்க வேண்டும். விற்பவரிடம் பதிவுச் சான்று இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இல்லையென்றால் அந்தப் பாம்பு எவ்வளவு அழகாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள். கூண்டே தேவைப்படாது.

அப்புறம் அளவு. பால் பைத்தானில் ஆண் மூன்று, மூன்றரை அடியில் நிற்கும். பெண் நான்கிலிருந்து ஐந்து அடி வரை போகும், உடலும் பருமனாக இருக்கும். கார்பெட் பைத்தானில் கடற்கரை வகை ஆறிலிருந்து எட்டு அடி வரை வளரும், மரம் ஏறும். இதற்கு மேலே ஆப்பிரிக்க மலைப்பாம்பு மாதிரி பத்து, பதினைந்து அடிக்குப் போகும் இனங்கள் இருக்கின்றன. புதிதாக வருகிறவர்கள் அவற்றின் பக்கம் போக வேண்டாம் என்றுதான் சொல்வேன். பத்து அடிக்கு மேல் போன பைத்தானைத் தனி ஆளாகக் கையாளக் கூடாது, இரண்டு பேர் வேண்டும். அதற்குத் தேவை பெட்டி இல்லை, ஓர் அறை. தரையில் வடிகால், அறை முழுக்கச் சூட்டைக் கட்டுப்படுத்தும் வசதி, இரண்டு கதவு என்று செலவு எங்கேயோ போய்விடும்.

ஆயுளையும் சேர்த்துக் கணக்குப் பண்ணுங்கள். பால் பைத்தான் இருபது, முப்பது ஆண்டு சாதாரணமாக வாழும். அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் விலங்குக் காட்சிசாலையில் 60 வயதைத் தாண்டியதாகக் கருதப்படும் ஒரு பெண் பால் பைத்தான் 2020இல் முட்டையிட்டது. இன்று செய்கிற பெட்டி அவ்வளவு காலத்துக்கு நிற்க வேண்டாம், ஆனால் அந்தப் பெட்டிக்கான இடம் உங்கள் வீட்டில் அவ்வளவு காலம் இருக்க வேண்டும். வாடகை வீட்டில் இருப்பவர்கள் வீட்டுக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

இரண்டாம் படி: எவ்வளவு பெரிய பெட்டி

பழைய ஆட்கள் பெட்டியின் நீளமும் அகலமும் சேர்ந்து பாம்பின் நீளத்துக்குச் சமமாக இருந்தால் போதும் என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பாம்பு எப்போதும் சுருண்டேதான் கிடக்கும் என்பது சின்னப் பெட்டியில் வைத்துப் பார்த்தவர்களின் எண்ணம். என் கார்பெட் பைத்தான் ஆறடிப் பெட்டிக்கு மாறிய முதல் இரவு, பின்சுவரை ஒட்டி நூல் பிடித்த மாதிரி நேராகப் படுத்திருந்தது. முழு உடலையும் நீட்ட இடம் வேண்டும். பெட்டியின் நீளம் வளர்ந்த பாம்பின் நீளத்துக்குக் குறையாமல் இருக்கட்டும், ஆழம் அதில் மூன்றில் ஒன்றாவது இருக்கட்டும்.

பால் பைத்தானுக்கு நான்கு அடி நீளம், இரண்டு அடி ஆழம், இரண்டு அடி உயரம். பெரிய பெண் பாம்பு என்றால் ஐந்து அடி நீளம். கார்பெட் பைத்தானுக்கு ஆறு அடி நீளம், இரண்டு அடி ஆழம். உயரம் இரண்டடி குறைந்தபட்சம், மூன்று இருந்தால் அதற்குச் சந்தோஷம். எட்டடியை நெருங்கும் கடற்கரை வகைக்கு ஆறடிப் பெட்டியும் பத்தாது.

குட்டியை வாங்குகிறவர்கள் இதே பெட்டியை இப்போதே செய்யலாமா? செய்யலாம். உள்ளே வெட்டவெளியாக விடாமல் பதுங்க நிறைய இடம் கொடுத்தால் குட்டியும் பெரிய பெட்டியில் பயப்படாது. வெறும் பெட்டியில் ஒரே ஒரு கிண்ணத்தோடு விட்டால் வாரக்கணக்கில் தின்னாமல் கிடக்கும். ஒரே மரப்பலகைத் தடுப்பு வைத்துப் பாதியாகப் பிரித்து, ஓர் ஆண்டு கழித்து எடுத்துவிடுவது எனக்குப் பிடித்த வழி.

மூன்றாம் படி: வீட்டில் எந்த இடம்

பெட்டியைச் செய்யக் கொடுக்கும் முன்பே இடத்தை முடிவு செய்யுங்கள். மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் அறை வேண்டாம். பகல் முழுக்கக் குடித்த வெயிலை அந்தத் தளம் இரவு பத்து மணி வரை கீழே இறக்கிக்கொண்டே இருக்கும். மேற்குச் சுவரும் வேண்டாம். தரைத்தளத்தில், வீட்டின் நடுவில், வெளிச்சுவரில்லாத பக்கம் இருந்தால் நல்லது. ஓட்டு வீடு வைத்திருப்பவர்கள் கொடுத்து வைத்தவர்கள், உயரமான கூரைக்குக் கீழே கூடம் எப்போதும் இரண்டு மூன்று டிகிரி குறைவாகவே இருக்கும்.

சமையலறைப் பக்கமும் பூஜை அறைப் பக்கமும் வைக்க வேண்டாம். சாம்பிராணிப் புகை, கொசுவத்திப் புகை, சொருகி வைக்கும் கொசு திரவம் எதுவும் பாம்பு மூச்சுக்கு ஆகாது. எறும்பு சாக்பீஸ், பாச்சை உருண்டை இரண்டையும் அந்த அறையிலிருந்தே எடுத்துவிடுங்கள். பிறகு எறும்புக்கு என்ன வழி என்று கேட்பீர்கள். பாட்டி காலத்து வழிதான்: பெட்டியை வைக்கும் இரும்பு ஸ்டாண்டின் நான்கு கால்களையும் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள், வாரம் ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள். ஸ்டாண்டு தரையிலிருந்து இரண்டடி உயரம் இருக்கட்டும். மழைக்காலத்தில் தெருத்தண்ணீர் வாசல்படி ஏறும் ஊர்களில் இந்த இரண்டடி பெரிய உதவி.

நான்காம் படி: எதில் செய்வது

மீன் தொட்டியை விட்டுவிடுங்கள். நான்கு பக்கமும் திறந்த பார்வை பாம்பை எந்நேரமும் பதற்றத்தில் வைக்கும். காற்று மேல் மூடி வழியாக மட்டும்தான் போகும், கீழே ஈரம் தேங்கும், கண்ணாடி வெயிலில் காயும். கம்பிக் கூண்டும் வேண்டாம். பைத்தான் இரவில் வழி தேடி மூக்கால் முட்டிக்கொண்டே இருக்கும், கம்பியில் மூக்குத் தோல் உரிந்து புண்ணாகிவிடும். பழைய ஸ்டீல் பீரோவை மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். மே மாதம் அதன் பக்கத்தில் கையை வைத்துப் பாருங்கள், பதில் கிடைத்துவிடும்.

மரம்? தேக்கு நல்லது, விலையைத் தாங்க முடிந்தால். பிளைவுட் எடுத்தால் மரைன் பிளை எடுத்து, உள்பக்கம் முழுக்க எபாக்ஸி பூச்சு கொடுத்து, ஒவ்வொரு மூலையையும் சிலிகானால் அடைக்க வேண்டும். இல்லையென்றால் பாம்பு மூத்திரமும் சிந்தின தண்ணீரும் அடிப்பலகைக்குள் இறங்கி ஒரே மழைக்காலத்தில் பலகை உப்பிவிடும். அதன் பிறகு கரையான் வரும். கரையானுக்கு மருந்து அடித்த மரத்துக்குள் பாம்பை வைக்க முடியாது. இந்தச் சிக்கலிலிருந்து வெளியே வர வழியில்லை என்பதால்தான் நான் மரத்தை விட்டேன்.

நான் இப்போது எல்லோருக்கும் சொல்வது பிவிசி ஃபோம் போர்டு. நம் ஊரில் சமையலறை அலமாரியும் குளியலறைக் கதவும் செய்கிற அதே ஷீட். கும்பகோணம், தஞ்சாவூர், திருவாரூர் எங்கேயும் பிளைவுட் கடையில் கிடைக்கும். தண்ணீர் பட்டால் உப்பாது, கரையான் தொடாது, சோப்புத் தண்ணீரில் துடைத்துவிடலாம். 18 மி.மீ. கனம் எடுங்கள்.

ஒரு ஷீட் எட்டடிக்கு நான்கடி. அதை நீளவாக்கில் சரிபாதியாக அறுத்தால் எட்டடிக்கு இரண்டடியாக இரண்டு துண்டு. ஒவ்வொன்றிலும் ஆறடி ஒரு பக்கம், இரண்டடி ஒரு பக்கம் என்று வெட்டினால் மேல்பலகை, அடிப்பலகை, இரண்டு பக்கப்பலகை நான்கும் ஒரே ஷீட்டில் முடிந்துவிடும். வாள் தின்னும் இரண்டு மூன்று மில்லிமீட்டரைத் தவிர வீண் இல்லை. இரண்டாவது ஷீட்டில் பின்பலகையும், முன்பக்கத்துக்குக் கீழே ஆறு அங்குலப் பட்டையும் மேலே நான்கு அங்குலப் பட்டையும் எடுத்துவிட்டு மிச்சமும் இருக்கும். அந்த மிச்சத்தில் உள்ளே ஒரு மேடைப்பலகை போடலாம், பாம்புக்கு ஏறிப் படுக்க இடம். ஆக, ஆறடிக்கு இரண்டடிக்கு இரண்டடிப் பெட்டிக்கு இரண்டு ஷீட் போதும்.

இந்தக் கணக்கைக் காகிதத்தில் வரைந்து வேலை செய்பவரிடம் கொடுத்தேன். அவர் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "தம்பி, மூலையில ஸ்க்ரூ மட்டும் போட்டா இந்த ஷீட்டு பிடிக்காது. உள்ள அலுமினிய ஆங்கிள் கொடுத்துடறேன்" என்றார். சரியாகச் சொன்னார். ஃபோம் போர்டு ஸ்க்ரூவை மரம் மாதிரி இறுக்கிப் பிடிக்காது. ஆறடிப் பாம்பு மூலையில் உடம்பை ஊன்றித் தள்ளும்போது ஆங்கிள்தான் தாங்கும். ஆங்கிளின் கூர் விளிம்பை அரம் போட்டு மழுக்கச் சொல்லுங்கள்.

இந்த ஷீட்டுக்கு ஒரு பலவீனம் உண்டு, சூட்டில் நெகிழும். அதனால் பல்போ செராமிக் ஹீட்டரோ பலகையைத் தொட்டபடி இருக்கக் கூடாது. மூலைகளை அடைக்கும் சிலிகான் பூஞ்சைத் தடுப்பு மருந்து கலக்காததாக இருக்கட்டும், மீன் தொட்டிக்குப் பயன்படுத்தும் வகையைக் கேட்டு வாங்குங்கள். பூசிய பிறகு வாடை முழுக்கப் போக இரண்டு வாரம் திறந்து வையுங்கள்.

முன்பக்கம் 6 மி.மீ. கண்ணாடி, இரண்டு துண்டாக நகரும் மாதிரி. சதுர மீட்டருக்கு 15 கிலோ என்பதால் ஆறடிப் பெட்டியில் கண்ணாடி மட்டுமே சுமார் பத்து கிலோ வரும், ஸ்டாண்டு செய்யும்போது அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். டஃபண்ட் கண்ணாடி போடுவதாக இருந்தால் அளவும் ஓட்டையும் முன்பே சரியாகச் சொல்லிவிட வேண்டும், பதப்படுத்திய பிறகு அதை அறுக்க முடியாது. கீழே ஆறு அங்குலப் பட்டை விடச் சொன்னேனே, அது தென்னை நார்த்தூள் சரிந்து கண்ணாடித் தடத்தில் அடைக்காமல் இருக்கத்தான்.

ஐந்தாம் படி: காற்று

டெல்டாவில் பெட்டி தோற்கும் இடம் இதுதான். கூகுளில் தேடினால் பைத்தானுக்கு 60 சதவீத ஈரப்பதம் வேண்டும், அதனால் ஓட்டைகளைக் குறையுங்கள் என்று வரும். ஐப்பசி, கார்த்திகையில் நம் வீட்டுக்குள்ளேயே 85, 90 சதவீதம் இருக்கிறது. ஓட்டையைக் குறைத்தால் பெட்டிச் சுவரில் தண்ணீர் வழியும்.

எனக்கு இது ஒரு கார்த்திகை மாதம் புரிந்தது. கார்பெட் பைத்தானின் மூக்கில் சின்னதாக ஒரு நீர்க்குமிழி, கடுகு அளவுதான். ஊதி, உடைந்து, மறுபடி ஊதியது. காதைப் பெட்டியருகே கொண்டுபோனபோது மெல்லிய விசில் சத்தம் கேட்டது. மூச்சுக்குழாய்த் தொற்று. வயிற்றைத் திருப்பிப் பார்த்தேன், மூன்று செதில்களின் ஓரம் பழுப்பாகி மெத்தென்று இருந்தது. காற்றில்லாத ஈரம் செய்த வேலை இரண்டும். மருத்துவம் செய்து தேறியது, ஆனால் ஒரு மாதம் ஊசி போட வேண்டியிருந்தது. ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பாம்பு வாங்கும் முன்பே அங்கேயோ உங்கள் ஊர் கால்நடை மருத்துவரிடமோ ஊர்வனவற்றைப் பார்ப்பவர் யார் என்று விசாரித்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

சூடான காற்று மேலே போகும் என்பதை வைத்துத் துளைகளை அமைக்க வேண்டும். பெட்டியின் குளிர்ந்த பக்கத்தில் கீழே ஒரு வரிசை, சூடான பக்கத்தில் மேலே ஒரு வரிசை. இப்படிக் கொடுத்தால் காற்று குறுக்காக இழுத்துக்கொண்டு போகும், மின்விசிறியே வேண்டாம். ஷூ அலமாரியில் பதிக்கிற வட்டமான காற்று ஜாலி ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். ஆறடிப் பெட்டிக்குப் பக்கத்துக்கு ஆறாவது போடுங்கள். உள்பக்கம் வழவழப்பாக இருக்க வேண்டும், பல்லி, கரப்பான் வராமல் வெளிப்பக்கம் ஸ்டீல் கொசுவலை ஒட்டலாம். வலையை உள்பக்கம் ஒட்டக் கூடாது, மூக்கு போய்விடும்.

கூடவே பாதி ஜாலிகளுக்கு மூடி வைத்துக்கொள்ளுங்கள். ஆனி, ஆடியில் மேல்காற்று வீசும்போது வீட்டுக்குள் ஈரம் நன்றாகக் குறைந்துவிடும். அப்போது சட்டை உரிக்கும் பாம்புக்குத் தோல் துண்டு துண்டாகப் பிய்ந்து கண்மேல் ஒட்டிக்கொள்ளும். அந்த இரண்டு மாதம் மூடியைப் போடுங்கள், புரட்டாசி கடைசியில் எல்லாவற்றையும் திறந்துவிடுங்கள்.

ஆறாம் படி: பூட்டு

மற்ற எல்லாவற்றிலும் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம், இதில் முடியாது. பால் பைத்தானின் உடம்பில் பழுப்பும் கறுப்புமாகத் திட்டுத் திட்டாக இருக்கும். அந்தி வெளிச்சத்தில் தோட்டத்தில் பார்த்தால் நம் ஊரில் யாரும் அதைப் பைத்தான் என்று சொல்ல மாட்டார்கள். கண்ணாடி விரியன் என்றுதான் நினைப்பார்கள், கம்பை எடுப்பார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. அறுவடைக் காலத்தில் விரியன் கடியைப் பார்த்த ஊர் இது.

இதைவிடப் பயப்பட வேண்டியது இதன் மறுபக்கம். வீட்டில் பைத்தானைக் கையில் எடுத்துப் பழகிய பிள்ளை, கொல்லையில் பருமனாகச் சுருண்டு கிடக்கும் விரியனைப் பார்த்து "நம்ம பாம்பு வெளிய வந்திடுச்சு" என்று கையை நீட்டிவிடும். என் அக்கா மகளுக்கு நான் முதலில் சொல்லிக் கொடுத்ததே இதுதான்: பெட்டிக்கு வெளியே எந்தப் பாம்பைப் பார்த்தாலும் அது நம் பாம்பு இல்லை, பின்னாலேயே நடந்து வந்து மாமாவைக் கூப்பிடு. உங்கள் வீட்டில் எல்லோருக்கும் இதைச் சொல்லி வையுங்கள். பெட்டிக்குள் பாம்பு இருக்கிறதா என்று தினமும் இரவு படுக்கும் முன் கண்ணால் பார்த்துவிட்டுப் படுங்கள்.

நகரும் கண்ணாடியைப் பாம்பு தலையால் தள்ளித் திறக்கும். நகைக்கடை ஷோகேஸில் போடுவார்களே, பல் வைத்த பட்டையில் ஏறி உட்காரும் பூட்டு, அதைப் போடுங்கள். இரண்டு கண்ணாடியும் ஒன்றன்மேல் ஒன்று வரும் இடத்தில் விரல் நுழையும் இடைவெளி இருந்தால் அதை ரப்பர் பட்டை வைத்து அடையுங்கள். குட்டிப் பாம்பு சுண்டுவிரல் போகும் இடத்தில் போய்விடும். மின்கம்பி போகும் துளையையும் மறக்க வேண்டாம்.

அக்கம்பக்கத்துக்கும் சொல்லிவிடுங்கள். மறைத்து வளர்ப்பது யாருக்கும் நல்லதல்ல.

ஏழாம் படி: உள்ளே என்ன

தரைக்கு முதல் ஆறு மாதம் செய்தித்தாளே போதும். மலம், மூத்திரம், உண்ணி எதுவும் உடனே கண்ணில் படும். அதன் பிறகு தென்னை நார்த்தூள் போடலாம், பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் மூட்டையாகவே கிடைக்கும். தண்ணீரில் இரண்டு முறை அலசி, வெயிலில் காயவைத்து, கையில் பிடித்தால் தண்ணீர் சொட்டாத பதத்தில் போடுங்கள். அரிசி ஆலையில் சும்மா கிடைக்கிறது என்று உமி போடாதீர்கள், தூசும் சொரசொரப்பும் அதிகம். வைக்கோல் மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும்.

பதுங்க இரண்டு இடம் வேண்டும், சூடான பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று. குளிர்ந்த பக்கத்துக்கு மண் சட்டியைப் போல ஒன்று கிடையாது. குயவரிடம் சொல்லி, சுடுவதற்கு முன்பே ஓரத்தில் வாசல் வெட்டித் தரச் சொல்லுங்கள். சுட்ட பிறகு வெட்டினால் விளிம்பு கூராக இருக்கும். வாசல் பாம்பின் தடித்த இடத்தைவிட ஒன்றரை மடங்கு அகலம் இருக்கட்டும், இரை விழுங்கிய வயிறோடு உள்ளே போய்த் திரும்ப முடியாமல் சிக்கக் கூடாது. கவிழ்த்து வைத்து, சித்திரை வைகாசியில் காலையில் சட்டியின் வெளிப்பக்கத்தில் தண்ணீர் தெளித்தால் உள்ளே கை வைக்கும்போதே குளிர்ச்சி தெரியும். அதனடியில் ஒரு கடப்பாக் கல் போட்டுவிடுங்கள். என் பால் பைத்தான் அக்னி நட்சத்திரம் முழுக்க அந்தக் கல்லில்தான் வயிற்றை வைத்துக் கிடக்கும்.

கார்பெட் பைத்தானுக்கு ஏறக் கொம்பு வேண்டும். கொய்யாக் கிளை நல்லது, பட்டை வழவழப்பு, மரம் உறுதி. கழுவிக் காயவைத்து, இரண்டு முனையையும் சுவரில் ஸ்க்ரூ போட்டு இறுக்குங்கள். தண்ணீர்க் கிண்ணம் கவிழாத கனத்தில் இருந்தால் போதும்.

எட்டாம் படி: சூடு, மின்சாரம்

இரண்டு பாம்புக்கும் சூடான பக்கம் 31இலிருந்து 33 டிகிரி, குளிர்ந்த பக்கம் 25இலிருந்து 27. நம் ஊரில் மாசி முதல் புரட்டாசி வரை பெரும்பாலும் ஹீட்டரே தேவைப்படாது. ஐப்பசி முதல் தை வரை குளிரும் இரவுகளில்தான் வேண்டும். 40 முதல் 60 வாட் செராமிக் ஹீட்டர் ஒன்று, அதைச் சுற்றிக் கம்பிக் கூடு, குறித்த சூடு வந்ததும் ஹீட்டரைத் தானே நிறுத்தும் தெர்மோஸ்டாட் ஒன்று கட்டாயம். பைத்தானுக்குச் சூடு சட்டென்று உறைக்காது, கூடு இல்லாத பல்பைச் சுற்றிக்கொண்டு வெந்துபோகும் வரை இருக்கும். சூடாகும் செயற்கைப் பாறை என்று விற்பதை வாங்கவே வேண்டாம். வீட்டு மெயினில் மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபி இருக்கிறதா என்று எலக்ட்ரீசியனிடம் பார்க்கச் சொல்லுங்கள். தண்ணீரும் கம்பியும் ஒரே பெட்டிக்குள் இருக்கின்றன.

கோடையில் அறை 35ஐத் தாண்டினால் விசிறி போட்டுப் பயனில்லை. விசிறி நம் வியர்வையைக் காயவைத்துக் குளிர்விக்கிறது, பாம்புக்கு வியர்வை கிடையாது. அறையைக் குளிர்விக்க வேண்டும், இல்லை பாம்பைக் குளிர்ந்த இடத்துக்கு மாற்ற வேண்டும். தண்ணீர் பாட்டிலை உறைய வைத்துத் துணியில் சுற்றிப் பெட்டியின் மேல்பலகையில் வைப்பது அவசரத்துக்கு உதவும்.

2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபோது சில ஊர்களுக்கு மின்சாரம் திரும்பி வரப் பல நாள் ஆனதை நாம் பார்த்திருக்கிறோம். ஐப்பசி, கார்த்திகைக் குளிரில் ஹீட்டர் இல்லாமல் சில நாள் இருப்பது வளர்ந்த பைத்தானை ஒன்றும் செய்யாது. ஆனால் இரை கொடுக்காதீர்கள். சூடு இல்லாமல் செரிக்காது, வயிற்றில் எலி அழுகிப் பாம்பு கக்கிவிடும். வானிலை அறிவிப்பில் புயல் என்று வந்த அன்றே இரையை நிறுத்துங்கள். வீட்டைவிட்டுப் போக நேர்ந்தால் எடுத்துப்போக, முடிச்சுப் போடக்கூடிய தடித்த பருத்திப் பை ஒன்றும் மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டி ஒன்றும் ஸ்டாண்டுக்கு அடியில் எப்போதும் இருக்கட்டும்.

ஒன்பதாம் படி: வெறும் பெட்டியை ஓட்டிப் பாருங்கள்

பாம்பை வாங்க அவசரப்படாமல் பெட்டியை எல்லாப் பொருளோடும் இரண்டு வாரம் வெறுமனே ஓட்டுங்கள். இரண்டு டிஜிட்டல் வெப்பமானி வாங்கி, ஒன்றை ஹீட்டருக்குக் கீழே தரையிலும் ஒன்றை மண் சட்டிக்குள்ளும் வையுங்கள். ஈரப்பதமும் காட்டும் வகையாக இருந்தால் நல்லது. காலை ஆறு, பிற்பகல் மூன்று, இரவு பத்து என்று மூன்று வேளையும் நாள்காட்டித் தாளின் ஓரத்தில் எண்ணை எழுதுங்கள். பிற்பகல் மூன்று மணிக்கு மண் சட்டிக்குள் 30ஐத் தாண்டினால் இடம் சரியில்லை, பெட்டியை வேறு அறைக்கு மாற்றிவிட்டு முதலிலிருந்து எழுதுங்கள். சுவரில் காலை வேளையில் ஈரம் பூத்திருந்தால் இன்னும் நான்கு ஜாலி போடுங்கள்.

பதினான்கு நாளும் எண்கள் சரியாக வந்த பிறகு விற்பவருக்கு ஃபோன் செய்து பதிவுக்கு வேண்டிய சான்றை அனுப்பச் சொல்லுங்கள். பாம்பைக் கொண்டுவரும் நாள் காலை ஏழு மணிக்குள் வீடு வந்துவிடும் மாதிரி கிளம்புங்கள். பெட்டிக்குள் விட்டதும் கண்ணாடிக்கு ஒரு துணியைத் தொங்கவிட்டு, ஒரு வாரம் கையில் எடுக்காமல் தண்ணீரை மட்டும் மாற்றிக்கொண்டிருங்கள்.